வாயிலில் காத்திருந்த இசை

நுழையும்முன்

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் வழங்கும் ஊர் ஓசூர். அங்கும் கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் திருவிழா இரவுகளில் தெருக்கூத்தின் மத்தளம் விடியும்வரை முழங்கும். பஜனை மடங்களில் புரந்தரதாசரின் கன்னடப் பாடலும் தியாகராசரின் தெலுங்குக் கீர்த்தனையும் ஒலிக்கும். தொழிற்சாலைப் பேருந்துகளில் மூன்று மொழித் திரைப்பாடல்களும் மாறிமாறிக் கேட்கும். ஒருவர்க்கு இனிப்பது மற்றொருவர்க்கு இனிக்காமற் போவது இயல்பு. தமக்கு இனிக்காத இசையைத் தாழ்ந்தது என்றும், அதைக் கேட்பவரைச் சுவையறியாதவர் என்றும் கருதத் தொடங்கும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. இச்சிக்கல் இன்று தோன்றியதன்று. ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன், காவிரிக் கரையில் வாழ்ந்த ஓர் இசைப்புலவர் இதனை எதிர்கொண்டார். அவர் வாழ்வையும் அவரை மதிக்கத் தயங்கிய பெரும்புலவர் ஒருவரின் மனமாற்றத்தையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாகப்பட்டினத்தை அடுத்த பகுதியில் இசைவாணர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். முடிகொண்டான் என்னும் ஊரில் வாழ்ந்தமையால் முடிகொண்டான் பாரதியார் என்றும் அவரை அழைத்தனர். பின்னர் மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் செல்வர் ஒருவரின் ஆதரவில் பல்லாண்டுகள் தங்கினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. வேதாந்தக் கல்வியிலும் யோகப் பயிற்சியிலும் ஈடுபாடு கொண்டு, பொருளைப் பெரிதாகக் கருதாமல் எளிய வாழ்வு வாழ்ந்தார்.

அக்காலத் தஞ்சைப் பகுதி பல இசைகள் கலந்த நிலம். கோயில்களில் தேவாரப் பண்கள் ஓதப்பட்டன. வீதிகளில் நாகசுரம் முழங்கியது. மராட்டிய மன்னர்களின் அரண்மனையில் தெலுங்குப் பதங்களும் வடநாட்டு இசையும் மராட்டியப் பாடல்களும் இடம்பெற்றன. வயல்களில் நடவுப்பாட்டும் தெருக்களில் சிந்தும் கும்மியும் ஒலித்தன. பாரதியார் இவற்றுள் ஒன்றை மட்டும் உயர்ந்ததெனக் கொண்டு மற்றவற்றுக்குச் செவியை மூடிக்கொள்ளவில்லை. தென்னக இசையில் தேர்ச்சி பெற்றதுடன், திருவிடைமருதூரில் இருந்த இராமதாசர் என்பவரிடம் இந்துஸ்தானி இசையையும் கற்றார். சிற்றூர் மக்கள் பாடிய மெட்டுகளையும் கூர்ந்து கேட்டு நெஞ்சில் பதித்துக்கொண்டார். பிற்காலத்தில் அவர் இயற்றிய நூல்களில் இந்த மூன்று ஓடைகளும் கலந்து ஓடுவதைக் காணலாம்.

திருவையாற்றுச் சந்திப்பு

அந்நாளில் திருவையாற்றில் வாழ்ந்தவர் தியாகராசர். தெலுங்கில் கீர்த்தனைகள் இயற்றி மாணவர் பலரை உருவாக்கியவர். அவரைக் காணப் பாரதியார் ஒருமுறை திருவையாறு சென்றதாக இசையுலகில் ஒரு செய்தி வழங்குகிறது. வந்தவர் மாயூரப் பகுதியைச் சேர்ந்தவர் என்று அறிந்த தியாகராசர், அங்குள்ள கோபாலகிருஷ்ண பாரதியாரைத் தெரியுமா என்று வினவினாராம். தாமே அவர் என்று வந்தவர் பணிவுடன் கூற, தியாகராசர் மகிழ்ந்து வரவேற்றாராம்.

அவ்வேளையில் தியாகராசரின் மாணவர்கள் ஆபோகி இராகத்தில் அமைந்த கீர்த்தனை ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தனர். அந்த இராகத்தில் பாரதியார் ஏதேனும் இயற்றியிருக்கிறாரா என்று தியாகராசர் கேட்டார். பாரதியார் அப்போது விடை கூறவில்லை. மறுநாள் அதே இராகத்தில் தில்லைக் கூத்தனைப் போற்றும் புதிய தமிழ்க் கீர்த்தனை ஒன்றைப் பாடிக் காட்டினார். தியாகராசர் அதனைக் கேட்டு மனமாரப் பாராட்டினார் என்பர். அந்தக் கீர்த்தனை இன்றும் இசையரங்குகளில் பாடப்படுகிறது.

ஒருவர் இராமனைத் தெலுங்கில் பாடியவர். மற்றொருவர் நடராசரைத் தமிழில் பாடியவர். மொழியிலும் வழிபடு தெய்வத்திலும் வேறுபட்ட இருவரும் ஒருவரையொருவர் போட்டியாளராகக் கருதவில்லை. தெலுங்குப் பாட்டா தமிழ்ப் பாட்டா என்னும் பூசல் பிற்காலத்தில் அவர்களுடைய பாடல்களை முன்னிட்டு எழுந்தபோது, அதை எழுப்பியவர்கள் பாடலை இயற்றியவர்கள் அல்லர், கேட்டவர்களே.

நந்தன் கதை

பாரதியாரின் பெயரை நிலைநிறுத்திய நூல் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்து, தில்லை நடராசரைக் காண வேண்டும் என்னும் தணியாத வேட்கையுடன் வாழ்ந்த திருநாளைப்போவாரின் வரலாறு அது. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அவரைப் பெயரளவில் குறிப்பிட்டார். நம்பியாண்டார் நம்பி ஒரு செய்யுளில் விரித்தார். சேக்கிழார் பெரியபுராணத்தில் 37 பாடல்களில் அவ்வரலாற்றைப் பாடினார்.

சேக்கிழார் பாடிய வரலாற்றில் கொடிய பண்ணையார் ஒருவர் இல்லை. நந்தனுக்கும் தில்லைக்கும் இடையே நின்றது குலம் விதித்த தடை மட்டுமே. பாரதியார் தம் காலத்துத் தஞ்சை வயல்களைக் கண்முன் கண்டவர். பண்ணையாட்களின் நாள்கள் நில உரிமையாளரின் விருப்பத்திற்குக் கட்டுப்பட்டிருந்ததை அறிந்தவர். எனவே நந்தனுக்கு ஆண்டையாக ஒரு வேதியரைப் படைத்தார். சிதம்பரம் செல்ல விடைகேட்ட நந்தனிடம், நாற்பது வேலி நிலத்திலும் பயிர்வேலையை முடித்துவிட்டுச் செல்லுமாறு அந்த வேதியர் பணிக்கிறார். இறையருளால் ஓர் இரவில் அவ்வேலை முடிந்துவிடுகிறது. மறுநாள் விளைந்த வயலைக் கண்ட ஆண்டை, தம் பண்ணையாளின் காலிலேயே விழுகிறார். புராணக் கதையாக மட்டும் இருந்தது, கேட்போர் நாள்தோறும் கண்ட வாழ்க்கையின் கதையாக மாறியது.

கதைக்கு ஏற்பவே இசையையும் அமைத்தார் பாரதியார். ஆழ்ந்த இராகங்களில் அமைந்த கீர்த்தனைகளுக்கு அருகிலேயே, மக்கள் வழக்கிலிருந்த நொண்டிச் சிந்தையும் எளிய மெட்டுகளையும் வைத்தார். செய்யுள் நடைக்குப் பக்கத்திலேயே பேச்சு வழக்கும் இடம்பெற்றது. நந்தனின் சேரி மக்கள் அவர்களுடைய மொழியிலேயே பேசினர். கதையைப் பாடலும் உரையுமாக நிகழ்த்தும் கதாகாலட்சேப முறையில் நாகப்பட்டினம், காரைக்கால் முதலிய இடங்களில் பாரதியார் இதனை நிகழ்த்தியபோது மக்கள் திரண்டனர். கற்றோரும் கல்லாதோரும் ஒருங்கே அமர்ந்து கேட்டனர். காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரும் இதில் ஈடுபாடு கொண்டு நூல் அச்சேறத் துணைநின்றார். 1861ஆம் ஆண்டளவில் நந்தனார் சரித்திரம் நூல்வடிவம் பெற்றது.

தெரிந்து தெளிவோம்

தமிழில் கீர்த்தனை வடிவத்தை வளர்த்தவர்களுள் சீர்காழி முத்துத்தாண்டவர், சீர்காழி அருணாசலக் கவிராயர், தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளை ஆகிய மூவரும் தமிழிசை மூவர் எனப் போற்றப்படுகின்றனர். அருணாசலக் கவிராயர் இராமாயணத்தை இராம நாடகக் கீர்த்தனையாகப் பாடினார். ஒரு முழுக் கதையைக் கீர்த்தனைகளால் சொல்லும் அம்மரபில் வந்ததே நந்தனார் சரித்திரம்.

புலவர் வாயிலில்

அக்காலத்தில் ஒரு நூல் கற்றோர் அவையில் மதிப்புப்பெற, புகழ்பெற்ற புலவர் ஒருவரின் சிறப்புப்பாயிரம் தேவைப்பட்டது. தமிழ்நாட்டின் தலைசிறந்த புலவராக அந்நாளில் விளங்கியவர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876). தலபுராணங்களும் பிள்ளைத்தமிழும் அந்தாதிகளும் கோவையும் எனச் செய்யுள் மழை பொழிந்தவர். திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்துவானாக இருந்தவர். அவர் மாயூரத்தில் தங்கியிருந்தபோது, பாரதியார் தம் நூலுடன் சென்று சிறப்புப்பாயிரம் வேண்டினார்.

பிள்ளை உடனே இசையவில்லை. நந்தனார் சரித்திரத்தில் இலக்கண வழுக்கள் இருப்பதாக அவர் கருதினார். பேச்சுவழக்குச் சொற்கள் பாட்டில் புகுந்திருந்தது அவருக்கு உவப்பாக இல்லை. சேக்கிழார் சொல்லாத நிகழ்ச்சிகளைக் கதையில் சேர்த்திருந்ததையும் அவரால் ஏற்க முடியவில்லை. பிழையான நூலுக்குத் தம் பெயரால் சான்று தருவது முறையன்று என்று எண்ணினார். நேரடியாக மறுக்கவும் மனமின்றி, பிறகு பார்க்கலாம் என்று காலம் தாழ்த்தினார். பாரதியார் சலிப்படையாமல் மீண்டும் மீண்டும் சென்று காத்திருந்தார்.

பிள்ளையின் தயக்கத்தை வெறும் செருக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் பெருந்தன்மை மிக்கவர். பொருள் பெறாமல் மாணவர்க்குக் கற்பித்தார், உணவும் அளித்தார். சமயமோ குலமோ பாராமல் தமிழ் கற்க வந்த அனைவரையும் ஏற்றார். கிறித்தவரான சவேரிநாத பிள்ளையும் இசுலாமியரான குலாம் காதிறு நாவலரும் அவர் மாணவர்கள். அவர் கூறிய குறைகளும் பொய்யல்ல. இலக்கண அளவுகோலால் அளந்தால் அந்த வழுக்கள் நூலில் இருக்கவே செய்தன. ஆயினும் அவர் கையிலிருந்த அளவுகோல் செய்யுளை அளப்பதற்கு உரியது. மேடையில் பாடப்பட்டுக் கேட்போரின் நெஞ்சில் நிறைவெய்தும் ஒரு வடிவத்தை அந்த அளவுகோலால் முழுதும் அளந்துவிட இயலாது. சமயம், குலம் ஆகியவற்றின் எல்லைகளைக் கடந்த அந்தப் பேருள்ளம், சுவை என்னும் எல்லையருகே வந்து நின்றுவிட்டது. கற்றோர்க்கும் இது நேரும். தாம் ஆழ்ந்து கற்ற துறையின் விதிகளே எல்லாத் துறைக்கும் விதிகள் என்று எண்ணத் தோன்றுவது, அறியாமையால் வருவதைவிட அறிவால் வருவதே மிகுதி.

ஒருநாள் நண்பகல் உணவுக்குப்பின் பிள்ளை ஓய்வு கொண்டிருந்தார். வழக்கம்போல் அவரைக் காண வந்த பாரதியார், அவரை எழுப்ப விரும்பாமல் வெளியில் அமர்ந்தார். காத்திருந்த நேரத்தில் தம் நூலின் கீர்த்தனைகளைத் தமக்குத்தாமே பாடத் தொடங்கினார். எவரையும் மகிழ்விக்கவோ எதையும் மெய்ப்பிக்கவோ அவர் பாடவில்லை. கோயில் வாயிலில் நின்று இறைவனைக் காண ஏங்கும் நந்தனின் உருக்கம் அப்பாடல்களில் நிறைந்திருந்தது.

உள்ளே இருந்த பிள்ளை அதைக் கேட்டார். ஏட்டில் வழுவாகத் தெரிந்த சொற்கள் இசையோடு வந்தபோது வேறாக ஒலித்தன. நந்தனின் ஏக்கம் அவர் நெஞ்சைத் தொட்டது, கண்கள் கலங்கின. இத்தகைய அடியாரை இத்தனை நாள் அலையவிட்டோமே என்று வருந்தி, அன்றே சிறப்புப்பாயிரம் எழுதி அளித்தார். அவருடைய மாணவரான உ.வே. சாமிநாதர் இந்நிகழ்ச்சியை எழுதிவைத்து நமக்குக் காத்துத் தந்துள்ளார்.

திருப்புன்கூரில் நந்தன் கோயிலுக்குள் செல்ல இயலாமல் வாயிலில் நின்றான். இறைவனை மறைத்துக் கிடந்த நந்தி விலகியது என்கிறது புராணம். நந்தன் கதையைப் பாடியவரும் ஒரு வாயிலில் காத்து நின்றார். அங்கும் காட்சியை மறைத்திருந்த ஒன்று விலகியது.

மாணவர் ஒருவரின் இழப்பு

இந்நிகழ்ச்சியுடன் மகாவித்துவான் இசைப்பிரியராக மாறிவிட்டார் என்று கருதினால் அது பிழையாகும். அதற்குச் சான்று ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின் நடந்த மற்றொரு நிகழ்ச்சி.

1871ஆம் ஆண்டு, பதினாறு வயது இளைஞராக இருந்த உ.வே. சாமிநாதர் (1855–1942) மாயூரத்திற்கு வந்து பிள்ளையிடம் தமிழ் கற்கத் தொடங்கினார். அவருடைய தந்தை வேங்கடசுப்பையர் இசைவாணர். கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். மகனுக்கும் இசை வாய்க்க வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். ஆகவே மாயூரத்தில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சாமிநாதர் இசையும் பயின்று வந்தார். ஒருபுறம் நாட்டின் முதற்பெரும் புலவரிடம் தமிழ், மறுபுறம் நந்தனார் சரித்திரம் பாடியவரிடம் இசை என்னும் அரிய பேறு அந்த இளைஞருக்குக் கிட்டியது.

அது நெடுநாள் நீடிக்கவில்லை. சாமிநாதர் தம்மிடம் இசை கற்பதைப் பாரதியாரே ஒருநாள் பிள்ளையிடம் தெரிவித்தார். பிள்ளைக்கு அது மகிழ்ச்சி தரவில்லை. இசையில் மனம் சென்றால் இலக்கண இலக்கியங்களில் கருத்து ஊன்றாது என்பது அவர் எண்ணம். ஆசிரியரின் உள்ளக்குறிப்பை அறிந்த சாமிநாதர் இசைப்பயிற்சியை நிறுத்திக்கொண்டார்.

பாரதியாரின் பாடலுக்குக் கண்ணீர் சிந்திய புலவருக்கு, இசை என்னும் துறைமீது இருந்த மனத்தடை முற்றிலும் நீங்கவில்லை என்பது இதனால் விளங்குகிறது. இந்த இரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகும். சிறப்புப்பாயிரம் எழுதுவதற்குப் பிள்ளை தம் சுவையை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொள்ள வேண்டிய தேவையும் எழவில்லை. தம் விருப்பத்திற்கு அப்பாற்பட்ட ஒரு நூலிலும் பெருமை உண்டு என்பதை ஒப்புக்கொண்டார். அதைத் தம் பெயரால் எழுதியும் தந்தார். ஒருவர் எதை விரும்புகிறார் என்பது அவரவர் மனத்தைப் பொறுத்தது. மற்றவர் உழைப்பை மதிப்பதோ எல்லாரும் எல்லார்க்கும் செலுத்த வேண்டிய கடன். முதலாவது நிகழ்ச்சியில் பிள்ளை அக்கடனைத் தீர்த்தார். இரண்டாவதில், தமக்குப் பிடிக்காதது மாணவர்க்கும் ஆகாது என்று கருதினார். அதன் விலையை மாணவர் செலுத்தினார்.

சாமிநாதர் ஆசிரியரைக் குறைகூறியதில்லை. தாம் இழந்ததை மறந்ததுமில்லை. பழந்தமிழ் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்துத் தமிழ்த்தாத்தா எனப் போற்றப்பட்ட நிலையிலும், கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் ஆகிய இசைவாணர் மூவரின் வரலாறுகளை எழுதினார். பயிற்சியைத் தொடர முடியாத இசைக்கு அவர் செலுத்திய காணிக்கை அது. கோபாலகிருஷ்ண பாரதியாரைப் பற்றி நாம் இன்று அறிந்தவற்றுள் பெரும்பகுதி சாமிநாதரின் எழுத்திலிருந்தே கிடைத்தது.

பஞ்சகாலமும் இறுதிக்காலமும்

மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றியவர் வேதநாயகம் பிள்ளை (1826–1889). தமிழின் முதல் புதினமான பிரதாப முதலியார் சரித்திரத்தைப் படைத்தவர். கிறித்தவரான அவர், எல்லாச் சமயத்தாரும் பாடுதற்குரிய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளையும் இயற்றினார். 1876 முதல் 1878 வரை தமிழகத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் அவர் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்க்கு உணவளித்தார். அதைக் கண்ட பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். செல்வரைப் பாடிப் பொருள் பெறும் நாட்டம் இல்லாத பாரதியார், பசிப்பிணி தீர்த்த மாற்றுச் சமயத்தவர் ஒருவரைப் பாடியது குறிப்பிடத்தக்கது.

நந்தனாரைத் தவிரத் திருநீலகண்ட நாயனார், இயற்பகை நாயனார் முதலிய அடியார்களின் வரலாறுகளையும் பாரதியார் கீர்த்தனைகளாக்கினார். பல தனிக்கீர்த்தனைகளையும் இயற்றினார். 1896ஆம் ஆண்டு அவர் வாழ்வு நிறைவெய்தியது.

பாடல் சென்ற வழி

பாரதியார் மறைந்தபின் அவருடைய நூல் அவர் எண்ணியிராத இடங்களுக்கெல்லாம் சென்றது. தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் நந்தனார் சரித்திரத்தைக் கதாகாலட்சேபமாக நிகழ்த்திப் பெரும்புகழ் பெற்றார். 1908ஆம் ஆண்டு, வ.உ. சிதம்பரனாரைத் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் விஞ்சு மிரட்டியதைப் பாடவந்த சுப்பிரமணிய பாரதியார், நந்தனார் சரித்திரத்தில் ஆண்டை நந்தனை அதட்டும் பாடலின் மெட்டையே எடுத்துக்கொண்டார். அடிமையை அதட்டும் ஆண்டையின் குரல் எல்லார் காதிலும் ஏற்கெனவே பதிந்திருந்ததால், ஆங்கிலேய ஆட்சியரின் குரலையும் மக்கள் எளிதில் அடையாளம் கண்டனர். புலவர் உலகம் வழுவெனக் கண்ட எளிமையே விடுதலைப் பாட்டுக்கு வலிமையானது.

திரைப்படம் பேசத் தொடங்கியபோது நந்தனும் திரைக்கு வந்தார். 1935ஆம் ஆண்டு வெளிவந்த பக்த நந்தனாரில் நாடகமேடைப் பாடகியாகப் புகழ்பெற்ற கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். இசையரங்குகளில் புகழோங்கிய மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராக நடித்தார். 1942ஆம் ஆண்டு வெளிவந்த நந்தனாரில் எம்.எம். தண்டபாணி தேசிகர் நந்தனாராகப் பாடி நடித்தார். கச்சேரி இசை, நாடக இசை, திரையிசை என்று இரசிகர்கள் பிரித்து வைத்த அறைகளுக்குள்ளெல்லாம் ஒரே பாடல் தடையின்றிச் சென்றுவந்தது.

ஆயினும் இசையரங்குகளில் தமிழ்ப் பாடல்களின் நிலை வேறாக இருந்தது. கச்சேரியின் முதன்மைப் பகுதியில் தெலுங்கு, வடமொழிக் கீர்த்தனைகளே பெரும்பாலும் விரிவாகப் பாடப்பட்டன. தமிழ்ப் பாடல்களுக்குப் பெரும்பாலும் இறுதியில், கேட்போர் எழுந்து செல்லத் தொடங்கும் வேளையில் இடம் கிடைத்தது. அப்பாடல்களைத் துக்கடா என்று அழைத்தனர். இந்நிலையை மாற்ற எழுந்ததே தமிழிசை இயக்கம். செட்டிநாட்டு அரசர் அண்ணாமலையார், ரசிகமணி டி.கே. சிதம்பரநாதர், கல்கி, இராஜாஜி முதலியோர் அதற்குத் துணைநின்றனர். 1943ஆம் ஆண்டு சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. மொழியை முன்னிறுத்தினால் இசையின் தரம் தாழும் என்று ஒருசாரார் எதிர்த்தனர். தமிழில் பாடினால் தரம் ஏன் தாழ வேண்டும் என்று மறுசாரார் வினவினர். வாதம் முற்றியபோது இருபுறமும் கடுஞ்சொற்கள் எழுந்தன. தியாகராசரும் கோபாலகிருஷ்ண பாரதியாரும் திருவையாற்றில் ஒருவரையொருவர் மதித்து அமர்ந்த காட்சியை இருதரப்பு இரசிகர்களுமே சில வேளைகளில் மறந்துவிட்டனர்.

எல்லைப்புறத்தின் பாடம்

தமிழிசைக்குத் துணைநின்ற இராஜாஜி பிறந்த ஊர் ஓசூரை அடுத்த தொரப்பள்ளி. தெலுங்கும் கன்னடமும் இயல்பாக வழங்கும் எல்லைப்புறம் அது. தம் மொழியில் இசை வளர வேண்டும் என்று விரும்புவதற்கு அண்டை மொழியின் இசையை வெறுக்கத் தேவையில்லை என்பதை இத்தகைய ஊர்களின் அன்றாட வாழ்க்கையே காட்டுகிறது.

அப்பகுதியில் தொழிற்சாலைகள் பெருகிய பின்னர்ப் பல மாநிலத்தவரும் அங்கு வந்து குடியேறியுள்ளனர். ஒரே அறையில் தங்கும் நால்வர் நான்கு வகை இசையை விரும்பக்கூடும். ஒருவருக்குக் கானா, மற்றொருவருக்குக் கருநாடக இசை, மூன்றாமவருக்குக் கன்னடத் திரைப்பாடல், நான்காமவருக்குப் போஜ்புரிப் பாட்டு. ஒருவர் பாட்டு மற்றவர்க்கு இரைச்சலாகத் தோன்றலாம். எல்லாவற்றையும் விரும்ப வேண்டும் என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. தனக்குப் பிடிக்காத பாட்டைக் கேட்டு, ஊரைவிட்டு வந்த ஒருவர் இரவில் ஆறுதல் அடைகிறார் என்பதை உணர்ந்தால் போதும். இரைச்சல் என்னும் சொல் வாயில் எழாது.

மாயூரத்து நண்பகலில் மகாவித்துவானுக்கு நேர்ந்ததும் அதுவே. அவர் இலக்கணத்தைக் கைவிடவில்லை, இசைவாணராகவும் மாறவில்லை. வெளியே காத்திருந்தவர் பாடியதைச் சிறிது நேரம் செவிகொடுத்துக் கேட்டார். கேட்டபின் தாம் செய்தது முறையன்று என்று உணர்ந்தார். அதைத் திருத்திக்கொள்ளத் தயங்கவில்லை. நந்தனார் சரித்திரம் அவருடைய சிறப்புப்பாயிரம் இல்லாமலும் வாழ்ந்திருக்கும். மக்கள் அதை ஏற்கெனவே தம் நெஞ்சில் வாங்கிக்கொண்டுவிட்டனர். அந்தப் பாயிரத்தால் உயர்வு பெற்றவர் அதை எழுதியவரே.

கற்பவை கற்றபின்

1. நந்தனார் சரித்திரத்தைப் பற்றி மகாவித்துவான் கூறிய குறைகளை எடுத்தெழுதி, அவற்றுள் நீங்கள் ஏற்பவை, ஏற்காதவை எவை எனக் காரணத்துடன் விளக்குக.

2. சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் வரலாற்றையும் கோபாலகிருஷ்ண பாரதியார் படைத்த நந்தன் கதையையும் ஒப்பிட்டு, மாற்றங்களுக்கான சமூகக் காரணங்களை வகுப்பில் கலந்துரையாடுக.

3. உங்களுக்குப் பிடிக்காத இசைவகை ஒன்றை விரும்பிக் கேட்கும் ஒருவரைச் சந்தித்து, அது அவருக்கு ஏன் பிடிக்கிறது என்பதை அறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக. உங்கள் கருத்தை அதில் சேர்க்க வேண்டா.

4. உங்கள் ஊரில் வழங்கும் நாட்டுப்புறப் பாடல், கூத்துப் பாடல், பஜனைப் பாடல் ஆகியவற்றை அவை பாடப்படும் மொழி, இடம், காலம் ஆகிய குறிப்புகளுடன் தொகுக்க.